உயரமான பாய்மரம் கொண்ட கேட்டலினா 30 அதிகம் சாய்ந்தால்

உங்கள் கேட்டலினா 30 பாய்மரப் படகு அதிகம் சாய்கிறது என்பதால் அதன் பாய்மரத்தைக் குட்டையாக்கலாமா என்று கேட்கிறீர்கள். குட்டையாக்க வேண்டாம். 15 நாட் (மணிக்கு ஏறத்தாழ 28 கி.மீ.) காற்றிலேயே அது மிகுதியாகச் சாய்ந்து, சுக்கான் சக்கரமும் கையை இழுக்கிறது என்றால், முதலில் பெரிய பாயை ஒரு மடிப்புச் சுருக்கிக் கட்டி ஓட்டிப் பாருங்கள். காற்றின் வேகம் 10 நாட் அளவிலிருந்து 15 நாட் அளவுக்கு உயரும்போது பாயின் மீதான அழுத்தம் இரண்டேகால் மடங்காகிறது. உங்கள் மரம் வழக்கமானதைவிட ஏறத்தாழ 2 அடி உயரம் என்பதால், அந்த அழுத்தம் இன்னும் மேலிருந்து படகைச் சாய்க்கிறது.

சக்கரம் இழுப்பதற்குத் தளர்ந்த பழைய பாயும் காரணமாக இருக்கலாம். துணி தளர்ந்தால் பாயின் வயிறு, அதாவது அது மிக ஆழமாக வளையும் இடம், பின்னோக்கி நகர்ந்து, படகின் முகப்பைக் காற்றின் பக்கம் திருப்பும். பாயின் அடியிலிருந்து மேலே பாருங்கள்: ஆழமான இடம் மரத்துக்கும் பின்விளிம்புக்கும் நடுவைத் தாண்டியிருந்தால், பாயேற்றும் கயிற்றை இறுக்குங்கள், அப்படியும் அது முன்னே வராவிட்டால் மாற்ற வேண்டியது பாயைத்தான், மரத்தை அல்ல.

நீங்கள் ஓட்டும், அமெரிக்கக் கிழக்குக் கரையிலுள்ள சீசபீக் விரிகுடாவில் கோடைக்காற்று பெரும்பாலும் மெல்லியது. மேலே சற்று வலுவாக வீசும் காற்றைப் பிடித்துத் தரும் அந்த 2 அடியை அங்கே இழப்பது, என் கருத்தில், பெரிய நட்டம். பலத்த காற்று வீசும் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கோடைப் பிற்பகல்களில் ஓட்டுபவருக்கு நான் இதையே சொல்ல மாட்டேன்.

மரத்தைத் தாங்கும் கம்பிகளின் வயது தெரியாவிட்டால், முனைகளில் துருவோ பிரிந்த இழையோ உண்டா என்று தொழில் தெரிந்தவரைக் கொண்டு பார்த்த பிறகே பலத்த காற்றில் சோதியுங்கள்.