பிஸ்மார்க் போர்க்கப்பல், 1/350 அளவு மாதிரி: ரெசின் (வார்ப்புப் பிசின்) பீரங்கிக் குழல் எட்டில் இரண்டு வளைவு, ஒன்றின் வாயில் குமிழி

வளைந்த இரண்டையும் வெந்நீரில் நிமிர்த்திவிடலாம். குமிழி விழுந்ததற்கு மட்டும் கடையில் மாற்று கேளுங்கள். 38 செ.மீ. பீரங்கியின் வாய் இந்த அளவில் 1.1 மி.மீ.தான், அந்த விளிம்பில் புட்டி (பள்ளம் நிரப்பும் பசை) வைத்து வட்டமாகத் தேய்த்தெடுப்பது வீண்பாடு. வார்ப்புக் கட்டையிலிருந்து (குழலோடு ஒட்டி வரும் ரெசின் துண்டு) அறுக்கும் முன்பே, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். அறுத்த பிறகு கேட்டால் கடைக்காரர் உங்கள் கைப்பிழை என்பார்.

ரெசின் முழுதாக இறுகும் முன் அச்சிலிருந்து உருவியதுதான் வளைவுக்குப் பெரும்பாலும் காரணம்.

அறுத்த பின் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். குழல் கூம்பு வடிவம் என்பதால் வட்டமடித்துத்தான் உருளும், அது குறையல்ல. நுனி எழும்பி எழும்பித் தாழ்ந்தால் வளைவு.

1. 70–80 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் போடுங்கள்.
2. இடுக்கியால் எடுத்து, கண்ணாடி மேல் இன்னொரு தட்டையான துண்டால் லேசாக அழுத்தி உருட்டுங்கள். விரலால் அழுத்தினால் நடுவில் பள்ளம் விழும்.
3. நேரானதும் அசையாமல் பிடித்தபடியே குளிர்ந்த நீரில் முக்குங்கள்.

இது வார்ப்பு ரெசினுக்கான வழி. முப்பரிமாண அச்சுக் குழல் என்றால் விரிசல் விடக்கூடும்; அதையும் மாற்றிக் கேளுங்கள். வெயில் படும் அலமாரியில் வைத்தால் நிமிர்த்திய குழலும் மறுபடி வளையும். அப்படியான இடம் என்றால் கடைந்த பித்தளைக் குழலே மேல். அதை சூப்பர் குளூவால் ஒட்டுங்கள், பிளாஸ்டிக் சிமென்ட் பித்தளையைப் பிடிக்காது.