யூவீ விளக்கும் ஈரம் காயாத வார்னிஷும்: அச்சகத்தார் கேள்விகளுக்குப் பதில்கள்

எங்கள் இயந்திரத்தின் யூவீ விளக்கு கண் கூசும் நீல வெளிச்சத்துடன் எரிகிறது. இருந்தும் அட்டைப் பெட்டிகளின் வார்னிஷ் பிசுபிசுக்கிறது. விளக்கில் குறை இருக்குமா?
– அச்சக உரிமையாளர், கொட்டாஞ்சேனை

இருக்கலாம், முதலில் ஐயுற வேண்டியதும் அதைத்தான். குவார்ட்ஸ் குழாய்க்குள் ஆர்கன் வாயுவும் சிறிதளவு இரசமும் (பாதரசம்) உள்ளன. மின்வில் (குழாயினூடே பாயும் மின்பொறி) மூண்டதும் இரசம் ஆவியாகி, 254, 313, 365 நனோமீற்றர் அலைநீளங்களில் கழியூதா (யூவீ) கதிர்களையும், 405, 436 நனோமீற்றரில் நம் கண்ணுக்குத் தெரியும் ஊதா, நீல ஒளியையும் உமிழ்கிறது. வார்னிஷில் கலந்திருக்கும் ஒளித்தூண்டி கழியூதாவை உறிஞ்சி உடைந்து சுயாதீன மூலிகங்கள் எனும் வினைத்திறன் மிக்க துணுக்குகளை உண்டாக்க, அவை வார்னிஷின் அக்ரிலேட் மூலக்கூறுகளைச் சங்கிலியாகப் பிணைப்பதால், எதுவும் ஆவியாகாமலே திரவம் நொடிப்பொழுதில் திண்மமாகிறது.

மேற்பரப்பை இறுகச் செய்வது முக்கியமாகக் குறுகிய அலைகளே. காற்றிலுள்ள ஒட்சிசன் அங்கே மூலிகங்களை விழுங்கிக்கொண்டிருப்பதால், அந்த அலைகள் சற்றுக் குறைந்தாலும் பிசுபிசுப்பு வந்துவிடும். குழாய் பழசாகும்போது மின்வாயின் டங்ஸ்டன் உட்சுவரில் படிவதாலும் குவார்ட்ஸ் மங்குவதாலும் முதலில் குறைவது இந்தக் குறுகிய அலைகள்தான். நீல வெளிச்சமோ ஏறக்குறைய அப்படியே நிற்கும். ஆகவே வெளிச்சத்தைக் கண்ணால் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு எத்தனை மில்லியூல் கழியூதாச் சக்தி விழுகிறது என்று காட்டும் கதிர்மானி ஒன்றை வாங்கி, புதுக் குழாய் பூட்டிய அன்றே அளந்து குறித்துவையுங்கள். இரண்டாவது குழாய்க்குச் செலவிடும் முன் இந்தக் கருவிக்குச் செலவிடுவதே நியாயம் என்பது என் உறுதியான கருத்து.

அதற்கும் முன், விளக்கை அணைத்து நன்றாக ஆறவிட்டு, பின்னாலுள்ள அலுமினியப் பிரதிபலிப்பானைப் பாருங்கள். மைத்துகளும் பவுடரும் படிந்து அது மங்கியிருந்தால், புதுக் குழாயும் பயன் தராது. ஐசோபுரோபைல் அல்ககோல் தோய்த்த, நூல் உதிராத துணியால் துடையுங்கள். குழாயை வெறுங்கையால் தொடக் கூடாது. எரியும்போது அதன் மேற்பரப்பு 600 பாகை செல்சியசைத் தாண்டுவதால், விரலின் எண்ணெய்ப்பசை பதிந்த இடம் நிரந்தரமாக வெளுத்துவிடும்.

பிளாஸ்டிக் போத்தல்களில் ஸ்கிரீன் பிரிண்ட் செய்யும் வெள்ளை மை மேலே காய்ந்தும் அடியில் உரிந்து வருகிறது. ஏன்?
– மருதானை வாசகர்

வெள்ளை நிறமியான டைட்டேனியம் டையொக்சைட் ஏறத்தாழ 380 நனோமீற்றருக்குக் கீழுள்ள கதிர்களைத் தானே உறிஞ்சிக்கொள்வதால், மையின் அடிப்பாகத்துக்கு ஒளி போய்ச் சேர்வதில்லை. கேலியம் சேர்த்த விளக்கு 400 முதல் 420 நனோமீற்றர் வரையான பகுதியில் வலுவாக ஒளிரும். அந்த ஒளி நிறமியை ஊடுருவும். மையும் அந்த அலைநீளத்துக்கான ஒளித்தூண்டி கொண்டதாக இருக்க வேண்டும். எல்ஈடி விளக்குக்கு மாற எண்ணுவோருக்கும் இதே விதிதான்: 395 நனோமீற்றர் எல்ஈடிக்குப் பழைய மை ஒத்துவராது.

மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலும் விளக்கு உடனே பற்றுவதில்லையே?
– கிராண்ட்பாஸ் வாசகர்

சூடான குழாயில் இரச ஆவியின் அமுக்கம் அதிகம். வழக்கமான மின்னழுத்தத்தால் அதனூடே மின்வில் மூட்ட முடியாது. சில நிமிடங்கள் ஆறவிடுங்கள்.

யூவீ இயந்திரத்தின் மூடியைத் திறந்துவைத்து வேலை பார்த்த தம்பிக்கு இரவில் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தல் வந்தது. பகலில் ஒன்றும் இருக்கவில்லை.
– வெள்ளவத்தை வாசகி

கழியூதா விழிவெண்படலத்தைச் சுட்டால் வலி பெரும்பாலும் 6 முதல் 12 மணித்தியாலங்கள் கழித்தே தெரியவரும். பட்ட நேரத்தில் உறைக்காததே இதன் ஆபத்து. கண்ணைக் கசக்க விடாமல், தாமதிக்காது தேசிய கண் வைத்தியசாலையிலோ வேறு கண் வைத்தியரிடமோ காட்டுங்கள். மூடியைத் திறந்ததும் விளக்கை அணைக்கும் பாதுகாப்பு ஆளி அந்த இயந்திரத்தில் கழற்றப்பட்டிருக்கிறதா என்றும் விசாரியுங்கள். அதைத் திரும்பப் பொருத்தி, கழியூதாவைத் தடுக்கும் முகக்கவசமும் தந்த பிறகே அவர் அந்த இயந்திரத்தில் நிற்க வேண்டும்.