போனைப் பிடுங்காதீங்க அம்மா

போன வாரம் சென்னை மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டிலிருந்து ஓர் அம்மா பிளஸ் டூ படிக்கும் மகளோடு வந்தார். "எப்பப் பாரு போனுதான் சார். போனைப் பிடுங்கிட்டு கம்ப்யூட்டர் சயின்ஸ்ல சேத்துடுங்கன்னு அவ மாமா சொல்றார். நகையை வச்சாவது கட்டிடலாம்னு இருக்கோம்."

பயப்படாதீங்கம்மா என்றுதான் ஆரம்பித்தேன். அந்தப் பெண் போனைக் காட்டியதும் நிறுத்திவிட்டேன். அத்தனையும் மீன் படம். ஐஸ் மேல் கிடத்திய பாறை, வவ்வால், சங்கரா. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அளவு தெரிய அப்பாவின் கட்டைவிரல்.

அம்மா, நகை பீரோவிலேயே இருக்கட்டும். நாலு வருடம் வகுப்பில் உட்காரப்போவது மாமா இல்லை, வட்டி கட்டப்போவதும் அவர் இல்லை. பொன்னேரியில் அரசு மீன்வளக் கல்லூரி இருக்கிறது. நாலு வருட பி.எஃப்.எஸ்சி., அதாவது மீன்வளப் பட்டப்படிப்பு. நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறினால் போய்விடலாம்.

போனில் உள்ள குறை வேறு. அவள் பின்தொடர்கிறவர்களில் மீன் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. அதை இப்போதே மாற்றுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் என்று ஒரு செயலி, இலவசம். துடுப்பை விரித்து, பக்கவாட்டில் எடுத்த படத்தைப் போட்டால், எங்கிருந்தோ ஆட்கள் வந்து இனம் சொல்வார்கள். குறைந்தது இரண்டு பேர் சொல்லி, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால்தான் ஆய்வுத்தரம், அதாவது ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாம், என்று ஏறும். நாம் சங்கரா என்று ஒரே பேரில் விற்பதில் எத்தனை இனம் இருக்கிறது என்று அங்கே அவளுக்கே புரியும். அவளை அடிக்கடி திருத்துகிறவர் யாரோ, அவர்தான் பின்தொடர வேண்டிய ஆள். அவர் பக்கத்தைத் திறந்து, அவர் யாரைப் பின்தொடர்கிறார் என்று பார்க்கட்டும். அப்படியே ஆள் சேரும். முப்பது பேர் போதும்.

லிங்க்ட்இன்னுக்குப் பதினாறு வயது ஆகியிருந்தால் போதும். பொன்னேரியில் படித்தவர்களைத் தேடி, இப்போது என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். எழுதும்போது "வேலை இருக்கா சார்" வேண்டாம். "இந்தத் துடுப்பில் ஏன் புள்ளி இருக்கிறது?" என்று கேட்கட்டும். மீனை நேசிக்கிறவர் பதில் போடாமல் இருக்கமாட்டார்.

பணம் கட்டு, வேலை வாங்கித் தருகிறேன் என்பவனை அந்த நிமிடமே பிளாக் செய்யுங்கள். போன் நம்பர், வீட்டு விலாசம் யாருக்கும் கூடாது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நாளைக்கு ஏலம் முடிந்ததும் ஒரே ஒரு படம் போடட்டும். வலை எந்தப் பக்கம் விட்டது என்று அப்பாவைக் கேட்டு, அந்த இடத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.