வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: ஹைட்ரஜன் மருந்தாகுமா?

கேள்வி: ஹைட்ரஜன் வாயுவைச் சுவாசித்தால் மூளைக்கு ஏற்படும் பாதிப்பு குறையும் என்று அண்மையில் படித்தேன். எளிதில் தீப்பற்றும் ஒரு வாயு எப்படி மருந்தாக முடியும்? இதற்கு நம்பத்தகுந்த சான்று உண்டா?

பதில்: உண்டு. ஆனால் அது இன்னும் முழுமையடையாத சான்று. எங்கே நிற்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

இரத்த ஓட்டம் தடைபட்டிருந்த ஓர் உறுப்புக்கு மீண்டும் இரத்தம் பாயும்போது, உயிர் கொடுக்க வரும் அந்த ஆக்சிஜனே செல்களைத் தாக்கும் தீவிரமான மூலக்கூறுகளையும் உண்டாக்கிவிடுகிறது. அவற்றுள் மிகக் கொடியது ஹைட்ராக்சில் என்னும் ஃப்ரீ ராடிக்கல். ஜப்பானின் நிப்பான் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ஷிகெயோ ஓஹ்தாவின் குழு, மூளையில் இரத்த ஓட்டம் தடுக்கப்பட்ட எலிகளுக்குக் குறைந்த அளவு ஹைட்ரஜனைச் சுவாசிக்கக் கொடுத்தபோது மூளைச் சிதைவு குறைந்ததைக் கண்டு, 2007-ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஆக்சிஜனிலிருந்து உண்டாகும் மூலக்கூறுகளுள் உடலுக்குத் தேவையானவற்றை விட்டுவிட்டு, தீங்கு செய்பவற்றை மட்டுமே ஹைட்ரஜன் செயலிழக்கச் செய்கிறது என்பது அவர்களுடைய விளக்கம். இந்த விளக்கத்தை நான் முழுமையாக ஏற்கத் தயங்குகிறேன். ஹைட்ராக்சில் தோன்றிய கணத்திலேயே அருகிலுள்ள புரதத்தையோ கொழுப்பையோ தாக்கிவிடும். மிகச் சிறிய அளவில் இருக்கும் ஹைட்ரஜன் அதற்குள் முந்திக்கொள்வது கடினம் என்று வேதியியலாளர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். செல்லின் தற்காப்பு மரபணுக்களைத் தூண்டுவதன் மூலம் அது வேலை செய்யலாம் என்ற கருத்தும் ஆராயப்பட்டு வருகிறது.

மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளுள் என் கவனத்தை மிகவும் ஈர்த்தது, மருத்துவமனைக்கு வெளியே இதயத் துடிப்பு நின்றுபோய், மீண்டும் துடிக்கத் தொடங்கிய பிறகும் நினைவு திரும்பாதவர்களிடம் ஜப்பானில் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வு. ஒரு பிரிவினருக்கு ஆக்சிஜனுடன் 2 சதவீத ஹைட்ரஜன் 18 மணி நேரம் வென்டிலேட்டர் வழியாகக் கொடுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு ஹைட்ரஜன் இல்லை. 90 நாட்களுக்குப் பிறகு உயிருடன் இருந்தவர்கள் ஹைட்ரஜன் பிரிவில் 85 சதவீதம், மற்றதில் 61 சதவீதம். கேட்டவுடன் மனம் துள்ளுகிறது. எனினும் 360 பேரைச் சேர்க்கத் திட்டமிட்ட அந்த ஆய்வு, கொரோனா பரவலால் 73 பேருடன் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. முதன்மை அளவுகோலாக அவர்களே வகுத்திருந்த நல்ல மூளைச் செயல்பாடு ஹைட்ரஜன் பிரிவில் 56 சதவீதத்தினருக்கும், மற்ற பிரிவில் 39 சதவீதத்தினருக்கும் கிடைத்தது. இத்தனை குறைந்த எண்ணிக்கையில் இந்த வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்பதால் புள்ளியியல்படி இது நிரூபணம் ஆகாது. பெரிய அளவில் மீண்டும் செய்து பார்த்தே தீர வேண்டிய ஆய்வு இது என்று உறுதியாகச் சொல்வேன்.

கேள்வி: என் தந்தைக்குச் சர்க்கரை நோய் உள்ளது. ஹைட்ரஜன் நீர் தயாரிக்கும் கருவி வாங்கினால் மாத்திரைகளைக் குறைக்கலாம் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அதை நம்பி ஒரு மாத்திரையைக்கூடக் குறைக்க வேண்டாம். சர்க்கரை, கொழுப்பு போன்றவற்றில் ஹைட்ரஜன் நீரைச் சோதித்த ஆய்வுகள் பெரும்பாலும் சிலரை மட்டும் கொண்டு, குறுகிய காலத்துக்கு நடத்தப்பட்டவை. மருந்துக்கு மாற்றாக அதைக் கொள்ளும் தகுதியை அவை தரவில்லை.

சாதாரண அழுத்தத்தில் ஒரு லிட்டர் நீரில் அதிகபட்சம் 1.6 மில்லிகிராம் ஹைட்ரஜன்தான் கரையும். மூடியைத் திறந்தால் அதுவும் வெளியேறத் தொடங்கும். குடித்த பிறகு எஞ்சுவது ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் மூச்சுடன் போய்விடும். நம் பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்களோ, செரிக்காத மாவுப்பொருளைப் புளிக்கவைத்து நாள்தோறும் ஹைட்ரஜனை உண்டாக்குகின்றன. பாலிலுள்ள லாக்டோஸ் செரிக்கிறதா என்று அறிய, மூச்சுக்காற்றில் இந்த ஹைட்ரஜனைத்தான் நாங்கள் அளக்கிறோம்.

வீட்டில் ஹைட்ரஜனைச் சுவாசிப்பதற்கென்று விற்கப்படும் கருவிகளைப் பற்றியும் எச்சரிக்க விரும்புகிறேன். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை கலந்திருக்கும் ஹைட்ரஜன் ஒரு சிறு பொறியிலும் தீப்பற்றும். மேலே சொன்ன ஆய்வில் கொடுத்த 2 சதவீதம் அந்த எல்லைக்கு வெகுவாகக் கீழே இருக்கிறது. செறிவு மிகுந்த வாயுவை வெளியிடும் கருவிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

கேள்வி: வேறு எந்த வாயுக்கள் மருந்தாகப் பயன்படுகின்றன?

பதில்: இதில் மிகத் தெளிவான வெற்றி நைட்ரிக் ஆக்சைடுக்கு உரியது. வாகனப் புகையில் நச்சாகக் கருதப்பட்ட இந்த வாயு, உடலுக்குள் இரத்தக் குழாய்களைத் தளர்த்தச் சொல்லும் தூதுவராக இயங்குவதைக் கண்டறிந்தமைக்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நுரையீரல் இரத்தக் குழாய்கள் இறுகி மூச்சுக்குப் போராடும் பச்சிளம் குழந்தைகளுக்கு இதைப் பயன்படுத்த 1999-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. கொடுக்கப்படுவது பத்து லட்சத்தில் சுமார் 20 பங்குதான். நுரையீரலில் வேலையை முடித்து இரத்தத்தில் கலந்தவுடன் ஹீமோகுளோபின் அதைச் செயலிழக்கச் செய்துவிடுவதால், உடலின் மற்ற பகுதிகளில் இரத்த அழுத்தம் விழுவதில்லை. இவ்வளவு பொருத்தமாக அமைந்த மருந்துகள் அரிது.

செனான் மயக்க மருந்தாகச் செயல்படும். 2016-இல் வெளியான ஒரு ஃபின்லாந்து ஆய்வில், இதயம் நின்று மீண்ட 110 பேரிடம் அது மூளையின் வெண்பொருள் (நரம்பு இழைகள் நிறைந்த பகுதி) சேதத்தைக் குறைத்ததாக ஸ்கேனில் தெரிந்தது; இறப்பு விகிதத்திலோ உறுதியான மாற்றம் இல்லை. காற்றில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருப்பதால் விலையும் அதிகம்.

ஆக்சிஜனை மறந்துவிடக் கூடாது. 1940-களிலும் 1950-களின் தொடக்கத்திலும் குறைமாதக் குழந்தைகளுக்கு அளவின்றி அதைக் கொடுத்ததால் ஆயிரக்கணக்கானோர் பார்வை இழந்தனர். அதன் பிறகே ஆக்சிஜனையும் மருந்தைப் போல அளந்து கொடுக்க மருத்துவம் கற்றுக்கொண்டது.

கேள்வி: ஹைட்ரஜன் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பது உண்மையா?

பதில்: தோல் புற்றுநோய்க் கட்டி இருந்த சுண்டெலிகளை, 97.5 சதவீத ஹைட்ரஜன் கலந்த வாயுவில், 8 வளிமண்டல அழுத்தத்தில், இரண்டு வாரம் வைத்தபோது கட்டிகள் சுருங்கியதாக 1975-இல் ஒரு கட்டுரை வெளியானது. மனிதர்களைப் பொறுத்தவரை, குணப்படுத்தும் என்று சொல்லும் அளவுக்குச் சான்று கிடையாது. உங்கள் வீட்டில் யாருக்கேனும் அறுவை சிகிச்சையோ கீமோதெரபியோ பரிந்துரைக்கப்பட்டிருந்தால், ஹைட்ரஜனுக்காக ஒரு வாரம்கூட அதைத் தள்ளிப்போடாதீர்கள். முறையான ஆய்வில் சேர வாய்ப்பு வந்தால், அது நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்றதா, வழக்கமான சிகிச்சையும் தொடருமா, கட்டணம் கேட்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். பரிசோதனை வாயுவுக்குப் பெருந்தொகை கேட்டால், உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் பேசாமல் கையெழுத்திட வேண்டாம்.