உட்கார்ந்தால் அபராதமா?

கேள்வி: சேலத்தில், பல கிளைகள் உள்ள பெரிய ஜவுளி நிறுவனத்தில் என் மகள் சேல்ஸ் கேர்ள். காலை 10 முதல் இரவு 8.30 வரை நின்றே வேலை. நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். ஆனால் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் சத்தம் போடுகிறார். சம்பளத்தில் 100 ரூபாய் பிடிக்கிறார்கள். கஸ்டமருக்கு மரியாதைக் குறைவாம். புகார் செய்தால் வேலை போய்விடுமோ?
- ஒரு தாய், அம்மாபேட்டை

பதில்: சூப்பர்வைசரோடு சண்டை போட்டுப் பயனில்லை. சம்பளத்தில் பிடிப்பது அவரல்ல, நிறுவனம். பதில் சொல்ல வேண்டியதும் நிறுவனம்தான்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் வந்த திருத்தம், இருக்கை போடச் சொல்வதோடு நிற்கவில்லை. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரத்தான் அந்த இருக்கை என்கிறது. உட்கார விடாத ஸ்டூல் கணக்கில் சேராது. அபராதத்துக்கும் முறை உண்டு: எதற்கெல்லாம் அபராதம் என்று முன்கூட்டியே எழுதி ஒட்டியிருக்க வேண்டும், ஊழியரிடம் விளக்கம் கேட்க வேண்டும், மொத்தமும் அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

ஸ்டூலின் உயரத்தையும் பாருங்கள். மூன்றடி கவுன்டருக்குப் பின்னால் ஒன்றரை அடி பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டால், உட்காருபவருக்குக் கவுன்டர் கிட்டத்தட்ட தோள்வரை வரும். துணியை எடுத்துக் காட்ட ஒவ்வொரு முறையும் எழுந்து நிற்க வேண்டும். இரண்டடிக்குக் குறையாமல், கால் வைக்கக் கட்டையோடு இருப்பதே உதவும். அசையாமல் நிற்கும்போது கெண்டைக்கால் தசை வேலை செய்யாது. கீழே இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளும் பம்ப் அதுதான். மாலையில் கணுக்கால் வீங்குவதும், நாளடைவில் நரம்பு சுருட்டிக்கொள்வதும் இதனால்தான். மரியாதை என்கிறார்களே, பட்டுச் சேலைக் கடைகளில் மெத்தையில் உட்கார்ந்துதானே காலம் காலமாக விரித்துக் காட்டினார்கள்? எந்தக் கஸ்டமர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்?

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. சாப்பாட்டு நேரம் போக உங்கள் மகள் ஒன்பதரை மணி நேரம் உழைக்கிறார். சட்டப்படி நாளுக்கு 8 மணி நேரம்தான். மிச்சத்துக்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டும். சம்பளச் சீட்டில் அது இருக்கிறதா?

இனி செய்ய வேண்டியது. வந்த நேரம், போன நேரம், பிடித்த தொகை, தேதி எல்லாவற்றையும் வீட்டில் ஒரு நோட்டில் அன்றன்றே எழுதி வையுங்கள். சம்பளச் சீட்டையும் பேங்க் பாஸ்புக்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் ஈ.எஸ்.ஐ. உண்டு, கால் வீக்கத்தை அங்கே காட்டி, நின்று செய்யும் வேலை என்பதையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பிறகு சேலம் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கு மனு. மகள் பெயர் வேண்டாம். எந்தக் கிளை, எந்த மாடி, என்ன நடக்கிறது என்று எழுதி, ஆய்வு செய்யக் கேளுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் ஒரு நகல் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமில்லாமல் நீக்க முடியாது. நீக்கினால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பெரும்பாலும் உத்தரவு தராமல், 'நாளையிலிருந்து வராதே' என்று வாயால்தான் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் அன்றே, 'வேலைக்கு வரத் தயார்' என்று எழுதி, ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். இல்லையென்றால் தானாக நின்றுவிட்டார் என்று கணக்கு முடித்துவிடுவார்கள். வெற்றுத் தாளில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கையெழுத்துப் போட வேண்டாம்.