டாக்டர் பற்றாக்குறை இருக்கிறது, சரி. அதை நம்பிக் கடன் வாங்கலாமா?

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் நீட் தேர்வில் இரண்டாவது தடவையும் அரசு சீட்டுக்கான கட்-ஆஃபுக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டாள். "நாட்டில் டாக்டரே இல்லை என்கிறார்கள், கடனை உடனை வாங்கி நிகர்நிலைப் பல்கலையில் சேர்த்துவிட்டால் பிழைத்துக்கொள்வாள்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதே கடிதத்தின் கடைசியில், எதிர்வீட்டுப் பையன் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு ஒரு நர்சிங் ஹோமில் நாற்பதாயிரம் சம்பளத்துக்கு நைட் டூட்டி பார்ப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரியிலிருந்தே ஆரம்பிப்போம்.

பற்றாக்குறை உண்மைதான். ஆனால் அது எல்லா ஊரிலும், எல்லா டாக்டருக்கும் பொதுவானது அல்ல. தமிழ்நாட்டில் 2020 வாக்கிலேயே பதிவு செய்த டாக்டர்கள் சுமார் 1.48 லட்சம் பேர். நம்மைவிட மக்கள்தொகை அதிகமுள்ள பீகாரில் அதில் பாதிகூட இல்லை. 10 லட்சம் பேருக்கு 100 எம்.பி.பி.எஸ். சீட் போதும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023-ல் ஒரு வரம்பு கொண்டுவந்தது. நாம் அதை ஏற்கெனவே தாண்டியிருந்தோம். எதிர்ப்பு கிளம்பியதால் அதைத் தள்ளிவைத்தார்கள்.

இரண்டாவது விஷயம், எந்த டாக்டர் இல்லை என்பது. ஒரு கிராமப்புற ஆஸ்பத்திரியை நினைத்துப் பாருங்கள். ஆபரேஷன் தியேட்டர் இருக்கும், விளக்கு எரியும், பிரசவம் பார்க்கும் டாக்டர்கூட இருப்பார். மயக்க மருந்து கொடுப்பவர் மட்டும் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். மற்ற நாளில் வலி எடுத்தவளை 108-ல் ஏற்றி மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியதுதான். மத்திய அரசின் 2021-22 ஊரக சுகாதாரப் புள்ளிவிவரப்படி, கிராமப்புற சமுதாய சுகாதார நிலையங்களுக்குத் தேவையான அறுவை, மகப்பேறு, குழந்தை, பொது மருத்துவ நிபுணர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் இல்லை. நாடு தேடுவது இவர்களை. எதிர்வீட்டுப் பையன் இன்னும் இவர்களில் ஒருவன் ஆகவில்லை.

ஏன் ஆக முடியவில்லை? 2014-ல் நாடு முழுக்க 51,348 ஆக இருந்த எம்.பி.பி.எஸ். சீட் பத்தே ஆண்டில் 1.18 லட்சத்துக்கு வந்துவிட்டது. மேற்படிப்பு சீட்டும் கூடியது, ஆனால் 2024-ல் சுமார் 73,000-தான். அந்த ஆண்டு மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி. எழுதியவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு நெரிசலிலும் உடற்கூறியல், உயிர்வேதியியல் போன்ற துறைகளில் இடங்கள் காலியாகவே கிடக்கும். 2023-ல் அந்த மேற்படிப்புத் தேர்வின் கட்-ஆஃப் பெர்சன்டைலைப் பூஜ்யத்துக்கே இறக்கினார்கள், அதாவது தேர்வு எழுதிய எல்லோருமே தகுதி பெற்றார்கள். அந்தத் துறைகளில் ஆள் வராவிட்டால் நாளைக்குப் புதுக் கல்லூரிகளில் பாடம் நடத்துவது யார்?

பழைய கதை ஒன்றும் உண்டு. உங்கள் தாத்தா காலத்தில் எம்.பி.பி.எஸ்.-ஐவிடக் குறுகிய படிப்பு படித்த எல்.எம்.பி. டாக்டர் என்று ஊருக்கு ஒருவர் இருந்திருப்பார். நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த, ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையிலான கமிட்டி 1946-ல் அறிக்கை கொடுத்தபோது நாட்டிலிருந்த சுமார் 47,500 டாக்டர்களில் 30,000 பேர் அவர்கள்தான். ஒரே தரம் வேண்டும் என்று அந்தக் குறுகிய படிப்பை நிறுத்தச் சொன்னது கமிட்டி. தரம் உயர்ந்தது, மறுக்கவில்லை. கிராமத்தில் காலியான அந்த நாற்காலிக்குத்தான் சரியான ஆள் கிடைக்கவில்லை.

இப்போது உங்கள் கடனுக்கு வருகிறேன். நிகர்நிலைப் பல்கலைகள் பலவற்றில் கட்டணம் ஆண்டுக்கு இருபது லட்சத்தைத் தாண்டும். நாலரை ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் தொண்ணூறு லட்சம், ஹாஸ்டல் தனி. அந்தக் கடனோடு வெளியே வரும் பெண் கிராமத்து ஆஸ்பத்திரிக்குப் போவாளா? போக முடியாது, வட்டி விடாது. நகரத்துக் கார்ப்பரேட் ஆஸ்பத்திரியில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பாள். டாக்டர் தேவைப்படும் இடத்துக்கு அவளைப் போகவிடாமல் தடுப்பது நீங்கள் வாங்கப்போகும் அந்தக் கடன்தான். எனவே வேண்டாம் என்பதே என் கருத்து.

வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். பற்றி ஏஜென்ட் வந்து பேசியிருப்பார். 54 மாதப் படிப்பா, ஆங்கில வழியா, பயிற்சிக்காலம் அங்கேயே முடியுமா என்று கேளுங்கள். திரும்பி வந்து எழுதும் தேர்வில் 300-க்கு 150 வாங்க வேண்டும், எழுதுபவர்களில் பெரும்பாலோர் தேறுவதில்லை என்பதையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.

அரசு சீட் கிடைத்தால் கதையே வேறு. அரசு மருத்துவப் பணிக்கு ஆள் எடுக்கும் எம்.ஆர்.பி. தேர்வு எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்தால், பணியில் இருப்பவர்களுக்கென்று நம் மாநிலம் ஒதுக்கும் 50 சதவீத மேற்படிப்பு இடங்களுக்குப் போட்டியிடலாம். சம்பளம் வாங்கிக்கொண்டே நிபுணர் ஆகும் வழி அது.

மூன்றாவது முறை எழுதலாமா என்பதை மதிப்பெண் பார்த்துத்தான் சொல்ல முடியும். முதல் முறைக்கும் இரண்டாவது முறைக்கும் நல்ல ஏற்றம் இருந்தால் எழுதட்டும். நூலிழைதான் ஏறியிருக்கிறது என்றால் இன்னொரு வருடத்தைக் கோச்சிங் சென்டருக்குக் கொடுக்காதீர்கள். இதற்கிடையே பி.எஸ்சி. நர்சிங், துணை மருத்துவப் படிப்புகளுக்கும் விண்ணப்பம் போட்டு வையுங்கள், அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான். மயக்கவியல் டெக்னீஷியன் படிப்பும் அதில் உண்டு.

இரண்டு ஆண்டின் நீட் மதிப்பெண், பிளஸ் டூ மதிப்பெண், இடஒதுக்கீட்டுப் பிரிவு, அரசுப் பள்ளியில் படித்தாளா என்ற விவரம், எல்லாவற்றையும் அனுப்புங்கள். கூடவே, அடுத்த கடிதத்தை உங்கள் மகளே எழுதட்டும். நீங்கள் எழுதிய கடிதம் முழுக்க அவள் சொன்னதாக ஒரு வார்த்தைகூட இல்லை.