ஆட் கப்பிள்: இரண்டாம் சீசனுக்குத் தாவிவிடுங்கள்

'தி ஆட் கப்பிள்' (1970–75) என்ற அமெரிக்க நகைச்சுவை டிவி தொடரில் சில எபிசோடு பார்த்தும் ஒட்டவில்லை, பின்னணிச் சிரிப்பு எரிச்சல் மூட்டுகிறது, விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். எரிச்சல் நியாயம்தான். முதல் சீசனை ஒரே கேமராவில் எடுத்து, சிரிப்பொலியைப் பிறகு சேர்த்தார்கள். இரண்டாவதிலிருந்து எதிரே பார்வையாளர்களை உட்காரவைத்து, மூன்று கேமராவில் எடுத்தார்கள். பெலிக்ஸாக நடிக்கும் டோனி ராண்டலும் ஆஸ்கராக நடிக்கும் ஜாக் க்ளக்மேனும் களைகட்டுவது அங்கேதான். தொடர்கதை இல்லை, தாராளமாகத் தாவலாம். அந்த இருவரின் வீடு வேறாகத் தெரிந்தால் குழம்பாதீர்கள், செட்டை மாற்றிவிட்டார்கள்.

முதலில் மூன்றாம் சீசனின் 'பாஸ்வேர்ட்' எபிசோடைப் பாருங்கள். ஒருவர் குறிப்பு கொடுக்க, கூட்டாளி சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டிய டிவி போட்டியில் 'பறவை' என்ற சொல்லுக்குப் பெலிக்ஸ் கொடுக்கும் குறிப்பு 'அரிஸ்டோஃபனிஸ்'! அந்தக் கிரேக்கர் 'பறவைகள்' என்று நாடகம் எழுதியவராம். ஆஸ்கருக்கு எப்படித் தெரியும், பாவம்! அதற்கும் சிரிப்பு வராவிட்டால், சரி, விட்டுவிடுங்கள்.